இருபது டொலர்க் கள்ளன்

துவாரகா அனுப்பிய செய்தி ஃபோனில் அப்படியே கிடக்கிறது. நான் இன்னும் பதில் போடவில்லை. வீட்டில் எல்லோரும் நித்திரை. அம்மா எழும்பித் தண்ணீர் குடிக்க வந்தால் வெளிச்சம் தெரியாமல் இருக்கப் போர்வையைத் தலைக்கு மேலால் இழுத்துவிட்டிருக்கிறேன். இதை எங்கேயாவது சொல்லி முடிக்காவிட்டால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் போய் இருக்க என்னால் முடியாது. சொல்லி முடித்தாலும் முடியுமோ தெரியவில்லை.

துவாரகா என் சிநேகிதி. ஆரம்பப் பள்ளியிலிருந்தே நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான். அவளுடைய அப்பாவின் பிழைப்பை நான் கெடுத்துவிட்டேன். களவெடுக்கவில்லை, கோள் சொல்லவில்லை. ஒரு விலை சொன்னேன். இல்லை, அதைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. யாரோ ஒரு விலையைச் சொன்னபோது தலையாட்டினேன்.

அவளுடைய அப்பா விக்னராஜா. சிட்னியில், எங்களுடைய வென்ட்வேர்த்வில்லில் எல்லோருக்கும் விக்கி அங்கிள். பரமட்டாவில் ஒரு கம்பனியில் கொம்பியூட்டர்களைப் பார்க்கிற வேலையில் இருந்தவர். 2009இல் அங்கே ஆட்களைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய்க் கொம்பியூட்டர் திருத்தத் தொடங்கினார். காரின் கதவில் காந்தத்தால் ஒட்டுகிற ஒரு பலகை, 'விக்கி சிஸ்டம்ஸ்' என்று. எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். வந்து பார்க்க முப்பது டொலர், திருத்த மணித்தியாலத்துக்கு எழுபது. முடித்துவிட்டு அச்சடித்த பற்றுச்சீட்டு கொடுப்பார். மூன்று மாதத்துக்குள் திரும்பவும் பழுதானால் காசு வாங்காமல் வருவார்.

அந்தக் கடைசிச் சங்கதியை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். முப்பது டொலரைத்தான் சொல்வார்கள்.

"கதவு தட்டக் காசு எடுக்கிற மனுசனை நான் இஞ்சைதான் கண்டன்" என்பார் என் அம்மா. "தேத்தண்ணி குடுத்தால் அதுக்கும் நிமிசக் கணக்குப் போடுவார் போல கிடக்கு."

அங்கிளும் லேசுப்பட்ட ஆளில்லை. ஒரு வீட்டுக்குள் காலை வைத்ததும், "இந்த லப்டொப்பை ஆர் உங்கடை தலையிலை கட்டினது?" என்றுதான் தொடங்குவார். திருத்துகிற நேரம் முழுக்கத் தான் வேலை செய்த கம்பனியின் பெருமை. சனம் காசைக் கொடுத்துவிட்டு, அவர் போன பிறகு அவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கும்.

நான் சனிக்கிழமைகளிலும், பள்ளிக்கூடம் முடிந்து இரண்டு பின்னேரங்களிலும், ஸ்டேஷனுக்குக் கிட்ட இருக்கிற சிறிதரன் அங்கிளின் பலசரக்குக் கடையில் வேலை செய்தேன். அரிசி மூட்டை அடுக்குவது, இடியப்பப் பொதிகளுக்கு விலை ஒட்டுவது, காசு வாங்குவது. போன வருடம் ஒரு நாள் கடையின் கொம்பியூட்டர் செத்துப்போனது. வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், சிறிதரன் அங்கிள் அதன் தலையில் தட்டுகிறார். நான் பெட்டியைத் திறந்து, தூசியைத் துடைத்து, மெமரியைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். வந்துவிட்டது. எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து இந்தப் பைத்தியம். வீதியோரத்தில் எறிந்துவிட்டுப் போகிற கொம்பியூட்டர்களைத் தூக்கிவந்து, யூடியூபைப் பார்த்துப் பார்த்துக் கழற்றியிருக்கிறேன். கரண்ட் அடித்திருக்கிறது. ஒருமுறை மேசை விரிப்பை எரித்திருக்கிறேன். ஆனால் கை பழகிவிட்டது.

அடுத்த கிழமை சிவமணி அண்ணா வந்தார். அகதியாகப் படகில் வந்து, டார்வின் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, பிறகு வெளியே விடப்பட்டவர். வேலை செய்ய விசாவில் அனுமதி இல்லை. யாரோ கொடுத்த பழைய லப்டொப் ஒன்று வைத்திருந்தார். அதில்தான் இரவில் மன்னாரில் இருக்கிற மனைவியோடு ஸ்கைப்பில் கதைப்பார். சார்ஜர் குத்துகிற துளை உள்ளே உடைந்து, லப்டொப் இயங்காமல் கிடந்தது. கடையில் வந்து, "விக்கி அண்ணையின்ரை நம்பர் இருக்கோ?" என்று கேட்டார்.

"அவர் நூறு டொலருக்குக் குறைய வாய் திறக்க மாட்டார்" என்றார் சிறிதரன் அங்கிள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நிரஞ்சினி, உம்மாலை ஏலுமோ?"

நான் ஓம் என்றேன். பின்பக்கத்தில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, ஒரு கதிரையை மேசையாக்கிக்கொண்டு செய்தேன். ஈயம் உருக்கி அந்தத் துளையை மாற்ற ஒன்றரை மணித்தியாலம் போனது. லப்டொப்பில் வெளிச்சம் வந்தது. சிவமணி அண்ணா சட்டைப் பையிலிருந்து இருபது டொலர்த் தாளை எடுத்து, மடிப்பை நீவி நீட்டினார். "தங்கச்சி, இவ்வளவுதான் இருக்கு. குறை நினைக்காதையும்."

எனக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சிறிதரன் அங்கிள் முந்திக்கொண்டார். "இருபது காணும். நல்ல விலை."

நான் தலையாட்டினேன். அதுதான் நான் தலையாட்டிய இடம்.

திங்கட்கிழமை கடைக் கண்ணாடியில் ஒரு மட்டை தொங்கியது. 'கொம்பியூட்டர் திருத்தம். என்ன பழுதெண்டாலும் இருபது டொலர். உள்ளே விசாரிக்கவும்.'

"இருபதிலை அஞ்சு கடைக்கு. பதினைஞ்சு உமக்கு" என்றார் சிறிதரன் அங்கிள். "ஆர் செய்யிறது எண்டு நான் வாய் திறக்க மாட்டன், நீரும் திறக்காதையும். பதினாறு வயசுப் பெட்டை ஈயம் காச்சுறாள் எண்டால் ஆர் மெஷினைத் தருவினம்? கொம்மாவுக்கும் சொல்லாதையும். அவவுக்குச் சொன்னால் ரெயினிலை அறிவிச்ச மாதிரி."

அது பகிடியாகத்தான் இருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. ஒருவருக்கும் தெரியாமல் ஒரு கெட்டித்தனம்.

ஆட்கள் வந்தார்கள். முதலில் சிவமணி அண்ணாவோடு ஒரே வீட்டில் இருக்கிற பெடியள். பிறகு எல்லோரும். ஒரு நாள் பென்ஸ் காரில் ஒரு டொக்டர் வந்து இறங்கினார். சிவமணி அண்ணாவின் லப்டொப்புக்கு வந்த அதே பழுதுதான். அதே ஒன்றரை மணித்தியாலம்தான். அவரும் இருபது டொலரை நீட்டினார். சிறிதரன் அங்கிள் சிரித்துக்கொண்டே வாங்கினார். டொக்டர் போகும்போது இரண்டு மூட்டை அரிசியும், ஒரு பெட்டி மாம்பழமும், உறைந்த கணவாய் மீனும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கத் தொடங்கியது. சிறிதரன் அங்கிளுக்கு அந்த ஐந்து டொலர் ஒரு பொருட்டே இல்லை. மெஷினைக் கொடுக்க ஒரு தரம், எடுக்க ஒரு தரம், சனம் இரண்டு தரம் கடைக்கு வருகிறது. அவர் விற்றது அரிசி. ஆனால் விளங்கியும் நான் ஒன்றும் கேட்கவில்லை. கிழமைக்கு எட்டு மெஷின் வந்தது. ஈயம் உருக்கப் புதிதாக ஒரு நல்ல ஈயக்கோல் வாங்கினேன்.

துவாரகா வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் புட்டு. நான் போகாத வெள்ளி குறைவு. அவளுடைய அம்மா, அன்ரிக்கு, முதியோர் இல்லத்தில் வேலை. வெள்ளி பின்னேரம் அவ வீட்டில் நிற்பா. அங்கிள் டையைக் கழற்றாமலே சாப்பிடுவார். ஒரு வெள்ளி, கோப்பையில் சொதியை ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"சிறிதரனின்ரை கடையிலை ஆரோ இருபது டொலருக்குத் திருத்துறானாம். நிரஞ்சினி, நீர் அங்கைதானே நிக்கிறனீர். ஆளைக் கண்டனீரோ?"

என் வாயில் புட்டு. நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

"பின்பக்கத்தாலை வந்து போவானாக்கும்" என்றார் அங்கிள்.

"கள்ளன்தானே, பின்பக்கத்தாலைதான் வருவான்" என்றாள் துவாரகா. "அப்பா, நீங்கள் ஒரு நாள் மூட்டைக்குப் பின்னாலை ஒளிச்சிருந்து பிடியுங்கோ. இருபது டொலர்க் கள்ளன்." அவள் கையைத் துவக்குப் போல நீட்டி, "ஹேண்ட்ஸ் அப்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இருபதுக்கு எப்பிடிக் கட்டும் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை" என்றார் அங்கிள். "பெற்றோல் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, ஒண்டு பிழைச்சால் திருப்பிப் போய்ப் பாக்கோணும். அவனுக்கு வீட்டு வாடகை இல்லையோ? பிள்ளை குட்டி இல்லையோ?"

எனக்கு வாடகை இல்லை. பெற்றோல் இல்லை. பிள்ளை குட்டி இல்லை. அம்மா சமைத்துத் தருகிறா. அப்பா ஃபோன் காசு கட்டுகிறார். அங்கிள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. புட்டை மென்றுகொண்டிருந்தேன்.

அப்போது அங்கிளின் ஃபோன் அடித்தது. அவர் எழும்பி நின்றுதான் எடுப்பார். "விக்கி சிஸ்டம்ஸ், குட் ஈவினிங்." அங்காலே பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. அங்கிள் சொன்னது மட்டும் கேட்டது. "இல்லை, அது சரிவராது... ஓம், எனக்குத் தெரியும் அங்கை இருபது... சரி, ஐம்பது போடுங்கோ... வந்து பாக்கிறதுக்குக் காசு வேண்டாம்... சரி, நாப்பது."

ஃபோனை வைத்துவிட்டு வந்து இருந்தார். புட்டு ஆறியிருந்தது. அன்ரி அவருடைய கோப்பையை எடுத்துப்போய்ச் சூடாக்கிக்கொண்டு வந்தா.

நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அடுத்த நாளே சிறிதரன் அங்கிளிடம் போய், விலையைக் கூட்டுவோம் என்றேன். டொக்டரைப் போல ஆட்களுக்கு எழுபது, சிவமணி அண்ணாவைப் போல ஆட்களுக்கு இருபது.

"ஆரின்ரை முகத்தைப் பாத்து எதைச் சொல்லுறது?" என்றார் அவர். "டொக்டருக்கு எழுபது சொல்லி, அவரின்ரை மச்சானுக்கு இருபது சொன்னால், கோயிலிலை வைச்சு என்னைக் கிழிப்பினம்."

"அப்ப எல்லாருக்கும் ஐம்பது. சிவமணி அண்ணா ஆக்களுக்கு நான் சும்மா செய்து குடுக்கிறன்."

"பிள்ளை, அரிசிக்கு விலை கூட்டினால் சனம் பேசிப்போட்டு வாங்கும். அரிசி இல்லாமல் ஏலாது. இதுக்குக் கூட்டினால் வராது. இது இருபது டொலர் வேலை எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும்."

இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மட்டையில் முப்பத்தைந்து என்று மாற்றிப் போட்டார். முதலில் வந்த வாடிக்கைக்கார அன்ரி ஒருத்தி கண்ணாடிக்கு வெளியே நின்று வாசித்தா. உள்ளே வந்தா. "என்ன சிறிதரன், போன மாசம் இருபதுதானே. இப்ப நீரும் விக்கியின்ரை பள்ளிக்கூடத்திலை படிக்கிறீரோ?" பின்னேரத்துக்குள் மட்டை திரும்பவும் இருபது.

அதற்குப் பிறகு துவாரகா வீட்டில் நடந்தவை ஒவ்வொன்றும் சின்னச் சின்னதாகத்தான் நடந்தன. அவள் கணக்கு ட்யூஷனை நிறுத்தினாள். "அந்த சேர் போரடிக்கிறார், நான் நானாப் படிக்கிறன்" என்றாள். பள்ளிக்கூடப் பயணத்துக்கு வரவில்லை. அவளுக்கு அன்றைக்குத் தடிமனும் காய்ச்சலுமாம். அன்ரி வெள்ளிக்கிழமையும் வேலைக்குப் போகத் தொடங்கினா, புட்டு நின்றது. அங்கிள் நாற்பது டொலருக்குத் தள்ளியிருக்கிற மவுண்ட் ட்ரூயிட் வரை கார் ஓடினார். பிறகு முப்பதுக்கு. பிறகு ஒரு நாள் அவருடைய காரைக் கடைத் தெருவில் கண்டேன். கதவில் பலகை இல்லை. அது ஒட்டியிருந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் புதிதாக, நீள்சதுரமாக மினுங்கியது.

அந்தக் காரைக் கண்ட அன்றைக்குத்தான் அது நடந்தது. நான் கடையின் பின்பக்கத்தில், ஒரு லப்டொப்பின் அடியைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தேன். முன்பக்கத்தில் அங்கிளின் குரல். இடையில் ஒரு திரைச்சீலை மட்டும்தான்.

"சிறிதரன் அண்ணை, நேரை விசயத்துக்கு வாறன். அந்தப் பெடியனுக்கு எவ்வளவு குடுக்கிறியள்?"

"எந்தப் பெடியன்?"

"திருத்துறவன்."

"ஏன் விக்கி?"

"சொல்லுங்கோவன்."

"பதினைஞ்சு."

குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. என் கையில் ஆணி ஒன்று. அதைக் கீழே வைத்தால் சத்தம் வருமோ என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் பத்துக்குச் செய்யிறன்" என்றார் விக்கி அங்கிள். "மிச்சம் பத்து உங்களுக்கு. மூண்டு மாச உத்தரவாதமும் தாறன். அவன் அது தாறானோ?"

"விக்கி, உங்கடை படிப்புக்கு..."

"படிப்பை விடுங்கோ அண்ணை."

அவர் போன பிறகு சிறிதரன் அங்கிள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். நான் கேட்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். "ஒராள் பத்துக்கு வந்திருக்கிறார். நீர் எட்டுக்குச் செய்வீரோ?" என்றார். பகிடியாகக் கேட்டாரா, உண்மையாகக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான் அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். இனித் திருத்த மாட்டேன், கடைக்கும் வர மாட்டேன், எல்லாவற்றையும் விக்கி அங்கிளுக்கே கொடுங்கோ என்றேன். வீட்டில் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று சொன்னேன். ரெயில் பாலத்தில் ஏறி வரும்போது எனக்கு மனம் லேசாக இருந்தது. நான் விலகிவிட்டேன், எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு மொக்கு நான்.

ஒரு மாதம் போனது. அங்கிளுக்கு மெஷின் ஒன்றுக்குப் பத்து டொலர்தான். கடைக்குப் பின்பக்கத்தில், நான் இருந்த அதே கதிரைக்கு முன்னால் அவர் இருக்கிறார் என்று துவாரகா சொன்னாள். அவளுக்கு அதில் பெருமை.

"அப்பா வெண்டிட்டார்" என்றாள். மதியச் சாப்பாட்டு நேரம், மைதானத்து வாங்குப் பலகையில் இருந்தோம். "அந்தக் கள்ளனை அடிச்சு விழுத்திப்போட்டார். லைக், டோட்டலி."

"அப்ப ஏன் இன்னும் பத்து? கூட்டலாம்தானே?"

"கூட்டேலாதடி. கள்ளன் இன்னும் இருக்கிறானாம். சிறிதரன் அங்கிள் சொன்னவர், அவன் ஒவ்வொரு கிழமையும் ஃபோன் எடுத்துக் கேக்கிறானாம், திருப்பி வரட்டோ எண்டு. அப்பா ஒரு டொலர் கூட்டினாலும் அவனுக்குப் போயிடும். அப்பா சொல்லுறார், அவன் பசியிலை இருக்கிறவன் போல, எதுக்கும் செய்வானாம்." அவள் சாண்ட்விச்சின் கரையைப் பிய்த்துக் கடற்காகத்துக்கு எறிந்தாள். "அதாலை இரவிலையும் ஒரு வேலை எடுத்திட்டார். கோழி இறைச்சியைப் பெட்டியிலை போட்டு பக் பண்ணுற ஃபக்டரி. யாரிட்டையும் சொல்லாதை, என்ன? அப்பாவுக்கு வெக்கம்."

ஒருவரும் ஃபோன் எடுக்கவில்லை. ஒரு கள்ளனும் இல்லை. சிறிதரன் அங்கிள் இல்லாத ஒருவனைக் காட்டி விக்கி அங்கிளைப் பத்து டொலரிலேயே பிடித்து வைத்திருக்கிறார். அந்த இல்லாத ஆள் நான். அவர் எனக்குப் பயந்து, டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கோழி பக் பண்ணுகிறார். அந்தக் கதிரைக்குப் போட்டியாக வேறு யாரும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தால், நாளைக்கே அவர் எழும்பி நின்று தன் விலையைக் கேட்கலாம். அதைச் சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் சொல்ல மாட்டார்.

மூன்று கிழமையாக நானும் சொல்லவில்லை. பயம். துவாரகாவை இழந்துவிடுவேன் என்ற பயம். என் அம்மா தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போக முடியாது என்ற பயம். இவ்வளவு நாளும் அவர்களுடைய மேசையில் இருந்து சாப்பிட்டேனே, அதை விக்கி அங்கிள் என்னென்று நினைப்பார் என்ற பயம். ஆளை வைத்துச் சொல்லலாமா, பெயரில்லாமல் ஒரு செய்தி அனுப்பலாமா என்றெல்லாம் யோசித்தேன். பெயரில்லாமல் வந்தால் அவர் நம்ப மாட்டார். கள்ளன் தன்னை ஏமாற்றுகிறான் என்றுதான் நினைப்பார்.

இன்றைக்கு அவருக்குக் கோழி வேலை இல்லாத இரவு. எனக்கு அது தெரியும், துவாரகா சொன்னாள். கொஞ்சம் முன்னால், குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு அவருக்குக் கோல் எடுத்தேன். அவருடைய வீட்டு இலக்கத்துக்கு இல்லை. காரின் பலகையில் இருந்த தொழில் இலக்கத்துக்கு. அதை வாசித்து வாசித்து எனக்கு மனப்பாடம்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "விக்கி சிஸ்டம்ஸ், குட் ஈவினிங்."

இந்த நேரத்திலும் அப்படித்தான் எடுத்தார். கதிரை பின்னுக்குப் போகிற சத்தம் கேட்டது. எழும்பி நிற்கிறார்.

"அங்கிள், நான் நிரஞ்சினி."

"என்ன பிள்ளை, இந்த நேரம்? கொம்பியூட்டர் ஏதும் பழுதோ? துவாரகா படுத்திட்டாள், எழுப்பட்டே?"

"வேண்டாம் அங்கிள். உங்களோடைதான் கதைக்கோணும். சிறிதரன் அங்கிளின்ரை கடையிலை... இருபது டொலருக்குத் திருத்தினது நான்தான்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, பகிடி என்று நினைத்த சிரிப்பு. பிறகு அது பாதியில் நின்றது.

"அந்த டொக்டரின்ரை லப்டொப்" என்றார். "சார்ஜர் துளை மாத்தினது. அது பிறகு என்னட்டை வந்தது, வேறை பழுதுக்கு. அதுவும் நீரோ?"

"ஓம் அங்கிள்."

"ஈயம் வடிவா வைச்சிருந்தது. ஆரோ தொழில் தெரிஞ்ச ஆள் எண்டு நினைச்சன்." மூச்சு விடுகிற சத்தம். "அதைப் பாத்துத்தான் நான் பயந்தனான்."

நான் அழுதேன் போல. தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சிவமணி அண்ணா, மட்டை, திரைச்சீலைக்குப் பின்னால் நான் இருந்தது. நான் விட்டு ஒரு மாதத்துக்கு மேல் என்பது. ஒருவரும் ஃபோன் எடுத்துக் கேட்கவில்லை என்பது.

"அப்ப வேறை ஆரும் இல்லையோ?"

"இல்லை அங்கிள்."

"ஒருத்தரும்?"

"நான் மட்டும்தான். இப்ப நானும் இல்லை."

ஃபோனை வைத்துவிட்டாரோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரோடை விலை குறைச்சனான்?" என்றார். என்னிடம் கேட்டதுபோல இல்லை. "எங்கடை வீட்டிலை இருந்து புட்டுத் திண்டுகொண்டு..." என்று தொடங்கி, அதையும் முடிக்காமல் விட்டார்.

"ஸொரி அங்கிள். நான் நாளைக்குக் கடைக்கு வந்து சிறிதரன் அங்கிளுக்கு முன்னாலை சொல்லுறன். நீங்கள் எழுபது கேளுங்கோ. வேறை ஒருத்தரும் இல்லை எண்டு நான் சொல்லுறன்."

"நீர் வராதையும்."

"அங்கிள்..."

"நான் போவன். போய்க் கேப்பன். எழுபது எண்டு சொல்ல வாய் வருமோ தெரியேல்லை. பத்து எண்டு நானே வாயாலை சொன்னனான், பிள்ளை. அவர் கேட்டு நான் சொல்லேல்லை. நானாப் போய்ச் சொன்னனான். அதை எப்பிடித் திருப்பி எடுக்கிறது?"

அவர் எனக்கு ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஒண்டு சொல்லுறன், கேளும்" என்றார் கடைசியில். குரலை இறக்கிச் சொன்னார், துவாரகாவின் அறைக்குக் கேட்காத மாதிரி. "இதைத் துவாரகாவுக்குச் சொல்லாதையும்."

"நான் அவளுக்குச் சொல்லோணும் அங்கிள். எனக்கு ஏலாது..."

"உமக்காகச் சொல்லேல்லை. அவள் நினைச்சுக்கொண்டிருக்கிறாள், அப்பா ஆரையோ பெரிய ஆளை வெண்டிட்டார் எண்டு. நான் போட்டிபோட்டு அடிபட்டது உம்மோடை எண்டு அவளுக்குத் தெரிய வேண்டாம்."

பிறகு, பழக்கத்தில் போல, "நன்றி, குட் நைட்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

தண்ணீரை நிறுத்திவிட்டு அறைக்கு வந்தேன். போர்வைக்குள் இருக்கும்போதே ஃபோன் நடுங்கியது. துவாரகா. படுக்கவில்லை அவள். சுவருக்கு அங்காலே அப்பாவின் குரல் மட்டும், சொல் பிடிபடாமல், கேட்டு முழித்திருக்கிறாள்.

'அப்பா இப்பதான் ஆரோ கஸ்டமரோட நிறைய நேரம் கதைச்சவர். நடுச்சாமத்திலயும் கோல் வருது, பாத்தியா! இப்ப எல்லாரும் அப்பாவைத்தான் தேடுகினம்.'

அதற்குக் கீழே ஒரு சிரித்த முகம் போட்டிருக்கிறாள். நான் பதில் அடிக்கிறேன், அழிக்கிறேன். அந்தப் பக்கம் அவள் இன்னும் காத்திருக்கிறாள்.